‘டைம்’ போர்த்துகீசியத்தில் பழுதாகும் இடங்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆங்கிலத்தில் ‘டைம்’ ஒன்றே செய்துவிடும் வேலையைப் போர்த்துகீசியத்தில் ஆறு பெயர்ச்சொற்கள் பங்குபோட்டுச் செய்கின்றன: தெம்ப்பு, ஓரா, வேஸ், ஒராரியு, ப்ராஸு, எப்பொக்கா. போர்ச்சுகலில் அல்தூரா என்று ஏழாவதும் உண்டு. அகராதியைத் திறந்தால் முதலில் நிற்பது தெம்ப்பு. கண்ணில் பட்ட அதையே எல்லா இடத்திலும் வைப்பதுதான் பாதிப் பழுதுக்குக் காரணம். மீதி, மரபுத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் வருவது.

மொழிபெயர்ப்பைப் படிக்கும் பிரேசில்காரரோ போர்ச்சுகல்காரரோ எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று பார்த்து, அங்கிருந்து காரணத்துக்குப் போவதுதான் இங்கே உள்ள வழி. செயலியின் சொற்கள், சப்டைட்டில், பயன்பாட்டுக் கையேடு, அலுவலகக் கடிதம் எதற்கும் இது பொருந்தும்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. இங்கே எழுதியிருப்பது பிரேசில் ஒலிப்பு. சொல்லின் கடைசியில் எழுதப்படும் ‘ஓ’ அங்கே ‘உ’ ஆகிவிடும், ‘ஏ’ பெரும்பாலும் ‘இ’ ஆகும். போர்ச்சுகலில் சொல்லிறுதி ‘ஸ்’ என்பது ‘ஷ்’ என்று கேட்கும்: வேஸ் அங்கே வேஷ். ஓரா, ஒராரியு இரண்டும் ‘எச்’ எழுத்தில் தொடங்கும். அந்த எழுத்து ஒலிக்காது, ஆனால் எழுதாமல் விடக்கூடாது.

முதல் சோதனை: வாக்கியத்தைத் தமிழில் சொல்லுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது இது. ஆங்கில வாக்கியத்தை நேரே போர்த்துகீசியத்துக்குக் கொண்டுபோகாமல், வாய்விட்டுத் தமிழில் ஒருமுறை சொல்லுங்கள். ஆங்கிலம் ஒட்டிவைத்திருப்பதைத் தமிழும் போர்த்துகீசியமும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் பிரிக்கின்றன.

‘தடவை’ அல்லது ‘முறை’ வந்தால் வேஸ். இந்தப் பொருத்தம் வியக்கத்தக்கது. ‘மூன்று முறை கூப்பிட்டேன்’ என்பதிலும் ‘இப்போது என் முறை’ என்பதிலும் தமிழ் ஒரே சொல்லைப் போடுகிறது. போர்த்துகீசியமும் அப்படியே: த்ரேஸ் வேஸிஸ் என்றால் மூன்று தடவை, மிஞ்ஞா வேஸ் என்றால் என் முறை. ஆங்கிலத்தில் இவை இரண்டு வேறு சொற்கள். தமிழர் இந்த இடத்தில் தடுமாற வேண்டிய அவசியமே இல்லை.

‘மணி’ வந்தால் ஓரா. ‘கெடு’ வந்தால் ப்ராஸு. கடை திறந்திருக்கும் நேரம், ரயில் கால அட்டவணை, மருத்துவரிடம் வாங்கும் நேரம் என்றால் ஒராரியு. ‘அந்தக் காலத்தில்’ என்றால் பிரேசிலில் எப்பொக்கா, போர்ச்சுகலில் பெரும்பாலும் அல்தூரா.

‘நேரம்’ வரும்போது மட்டும் இன்னொரு கேள்வி தேவை, ஏனென்றால் தமிழ் அங்கே இரண்டைச் சேர்த்து வைத்திருக்கிறது. ‘எவ்வளவு நேரம்?’ என்று கேட்க முடிந்தால் தெம்ப்பு. ‘எந்த நேரம்?’ என்று கேட்க முடிந்தால் ஓரா. ‘எனக்கு நேரமில்லை’ என்பது அளவு, ஆகவே ‘நவுங் தேஞ்ஞு தெம்ப்பு’. ‘நேரமாச்சு, கிளம்பலாம்’ என்பது கடிகாரத்தில் ஒரு புள்ளி, ஆகவே ‘இஸ்தா நா ஓரா’. இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் கீழே வரும் முதல் அறிகுறி உடனே தோன்றும்.

அறிகுறி: நேரத்தைச் சொன்னால் வாசகர் வானிலையை நினைக்கிறார்

தெம்ப்புவுக்கு நேரம், வானிலை என இரண்டு பொருளும் உண்டு. வானிலை அறிக்கை ‘ப்ரெவிஸவுங் து தெம்ப்பு’. எந்த விளக்கமும் இல்லாமல் தெம்ப்பு தனியே நின்றால், அதுவும் ‘நல்ல’, ‘கெட்ட’, ‘மாறுகிறது’ போன்ற சொற்களுக்குப் பக்கத்தில் நின்றால், வாசகர் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்.

அதிகம் அடிபடுவது ‘ஹேவ் எ குட் டைம்’. ‘தேர் உங் போங் தெம்ப்பு’ என்று எழுதினால், மழை இல்லாத நாள் கிடைக்கட்டும் என்பதுபோல் ஆகும். சரியானது ‘ஜிவீர்த்தா-சி’. இறந்தகாலத்தில் ‘வீ ஹேட் எ கிரேட் டைம்’ என்றால் ‘ஃபொய் ஓச்சிமு’ போதும், அருமையாக இருந்தது என்று பொருள். இரண்டிலும் நேரம் என்ற சொல்லே கிடையாது. இருக்கவும் கூடாது.

‘காலம் மாறுகிறது’ என்று எழுத வேண்டியிருந்தால் பன்மைக்குப் போங்கள்: தெம்ப்புஸ். பன்மையில் வானிலைப் பொருள் கிட்டத்தட்ட மறைந்துவிடும். கடினமான காலம் ‘தெம்ப்புஸ் ஜிஃபீஸெய்ஸ்’, அந்த நல்ல நாட்கள் ‘போன்ஸ் தெம்ப்புஸ்’. ஒருமையில் ‘உ தெம்ப்பு முதோ’ என்றால் வெயில் போய் மேகம் வந்தது என்றுதான் படிப்பார்கள். பிரேசிலில் ‘உ தெம்ப்பு ஃபெஷோ’ என்பதற்கு, வானம் மூடிக்கொண்டது என்பதோடு, பேச்சு முற்றிச் சண்டை தொடங்கியது என்ற பொருளும் உண்டு. ‘டைம் க்ளோஸ்டு’ என்று விளையாட்டுச் செயலியில் வரும் வரியை இப்படிப் பெயர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அங்கே தேவை ‘தெம்ப்பு எஸ்கொதாது’, நேரம் தீர்ந்தது.

செயலியில் ‘டைம்’ தனிச்சொல்லாக, தலைப்பாக நின்றால் எந்த மொழிபெயர்ப்பாளராலும் ஊகிக்க முடியாது. திரைப்பிடிப்பைக் கேளுங்கள், அது இல்லாமல் கை வைக்காதீர்கள். கடிகார நேரம் என்றால் ஓரா. எவ்வளவு நேரம் ஓடியது என்றால் தெம்ப்பு, அல்லது குழப்பமே வேண்டாமென்றால் ‘துரஸவுங்’. எத்தனை தடவை என்றால் வேஸிஸ். முன்பதிவுப் பக்கத்தில் ஒராரியு. தேதியோடு சேர்ந்து வரும் நேரம் எப்போதும் ஓராதான். நாடுகளுக்கிடையிலான நேர மண்டலம் ‘ஃபூஸு ஒராரியு’.

அறிகுறி: நேரம் கேட்கும் பெட்டியில் பிரேசில்காரர் கால்பந்து அணியின் பெயரை எழுதுகிறார்

பழுது பார்ப்பவர்களைச் சுற்றவிடும் அறிகுறி இதுதான். மொழிபெயர்க்காமல் விடுபட்ட ‘டைம்’ என்ற ஆங்கிலச் சொல் திரையில் அப்படியே நிற்கும். பெரும்பாலான ஆங்கிலச் சொற்கள் விடுபட்டால் எழுத்துப்பிழை திருத்தி சிவப்புக்கோடு போடும். இதற்குப் போடாது.

காரணம், டி, ஐ, எம், இ என்ற அதே நான்கு எழுத்தில் பிரேசிலில் ஒரு சொல் இருக்கிறது. உச்சரிப்பு ச்சீமி, பொருள் அணி. ஆங்கில ‘டீம்’ கால்பந்தோடு பிரேசிலுக்குள் போய், உள்ளூர் எழுத்துமுறைக்கு மாறி இப்படி நின்றுவிட்டது. ஃபிளமெங்கோ ஒரு ச்சீமி, கொரிந்தியன்ஸ் ஒரு ச்சீமி. ஆகவே ‘டைம்:’ என்று கேட்டால் பிரேசில்காரர் உங்கள் அணி எது என்று கேட்பதாகவே எடுத்துக்கொள்வார்.

சரிசெய்யும் வரிசை:

1. மொழிபெயர்ப்புக் கோப்பின் போர்த்துகீசியப் பக்கத்தில் மட்டும் அந்த நான்கெழுத்துச் சொல்லைத் தேடுங்கள். முழுச்சொல் பொருத்தம் போடுங்கள், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு வேண்டாம்.

2. கிடைத்த ஒவ்வொரு வரிக்கும் ஆங்கில மூலத்தைப் பாருங்கள். மூலத்தில் ‘டீம்’ இருந்தால் சரி. ‘டைம்’ இருந்தால் அது விடுபட்ட சொல்.

3. எதிர்ப்பக்கமும் தேடுங்கள். மூலத்தில் ‘டைம்’ இருந்து, போர்த்துகீசியத்தில் அணியைக் குறிக்கும் எக்கீப்பி என்று இருந்தால், இடையில் யாரோ விடுபட்ட சொல்லை அணி என்று நினைத்து ‘திருத்தியிருக்கிறார்கள்’. இரண்டு கை மாறிய கோப்புகளில் இது நடக்கும்.

4. போர்ச்சுகலுக்கான கோப்பில் அந்தச் சொல் இருக்கவே கூடாது. அங்கே அணிக்கு எக்கீப்பா. பத்திரிகைப் பெயராக வந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: ‘எத்தனை தடவை’ என்று கேட்டால் ‘இரண்டு மணி நேரம்’ என்று பதில் வருகிறது

‘குவான்த்து தெம்ப்பு’ என்று கேட்டிருப்பீர்கள். அது எவ்வளவு நேரம். எத்தனை தடவை என்பதற்கு ‘குவான்த்தாஸ் வேஸிஸ்’. மருந்துச் சீட்டில் இது மாறினால் ஆபத்து: ஒரு நாளைக்கு மூன்று வேளை என்பது ‘த்ரேஸ் வேஸிஸ் அவ் ஜீயா’.

வேஸ் பெண்பால் சொல். ஆகவே எண்ணும் பெண்பாலாக வர வேண்டும். ஒரு தடவை ‘ஊமா வேஸ்’, இரண்டு தடவை ‘துவாஸ் வேஸிஸ்’. இங்கே தொய்ஸ் என்று ஆண்பாலைப் போட்டால் பிழை. மூன்று முதல் பத்தொன்பது வரை எண்கள் மாறாது, அதனால் பிழை தெரியாமல் ஒளிந்துகொள்ளும். இருநூற்றில் மறுபடி தலைதூக்கும்: ‘துஸென்த்தாஸ் வேஸிஸ்’. எண்ணை எழுத்தால் எழுதும் இடங்களில் 1, 2, அவற்றில் முடியும் எண்கள், 200 முதல் 900 வரையிலான நூறுகள் ஆகியவற்றைத் தனியாகச் சோதியுங்கள்.

செயலியில் எண் மாறி மாறி வரும் வரி என்றால் ஒருமை, பன்மை இரண்டும் கொடுக்க வேண்டும். எந்த எண்ணுக்கு ஒருமை, எதற்குப் பன்மை என்று மொழிவாரியாகச் செயலிகளுக்குச் சொல்லும் தரவுத்தொகுப்பு, யூனிகோட் அமைப்பின் சி.எல்.டி.ஆர். அதன் விதியில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரேசில் வழக்கில் 0, 1 இரண்டும் ஒருமை வடிவத்தை எடுக்கும், போர்ச்சுகல் வழக்கில் 1 மட்டும்தான். அதனால் ‘0’ வரும்போது இரண்டு நாட்டுத் திரையிலும் வேறுவேறாகத் தெரிந்தால் அது பழுதல்ல. ஒருமை வடிவத்துக்குள் ‘1’ என்ற எண்ணை நேரடியாக எழுதி வைத்திருந்தால்தான் பழுது, பிரேசிலில் 0 வரும்போதும் 1 என்று காட்டும். எண்ணுக்கான இடக்குறியை ஒருமையிலும் விட்டுவையுங்கள்.

வேஸ் சேர்ந்த தொடர்களில் பழுதாவது பெரும்பாலும் மூன்று இடம்.

ஒன்று, ‘ஆஸ் வேஸிஸ்’. சில சமயம் என்று பொருள். முதல் எழுத்தின் மேல் இடப்பக்கம் சாயும் கோடு கட்டாயம். அந்தக் கோடு இல்லாமல் எழுதினால் ‘அந்தத் தடவைகள்’ என்றாகும். ஒருவருக்குப் பதிலாக நின்று வேலை பார்ப்பதைக் குறிக்கும் ‘ஃபஸேர் அஸ் வேஸிஸ் ஜி’ என்ற தொடரில் மட்டும் கோடில்லாமல் வருவதே சரி. கோப்பு முழுக்கத் தேடி மாற்றும்போது அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

இரண்டு, ‘காதா வேஸ் மைஸ்’. சொல்லாகப் பிரித்தால் ‘ஒவ்வொரு தடவையும் அதிகம்’, உண்மைப் பொருள் ‘மேலும் மேலும்’. ‘ஒவ்வொரு தடவை கூடுதல் பயனர்கள் நுழையும்போதும்’ என்ற எச்சரிக்கை வரியை ‘காதா வேஸ்’ என்று தொடங்கி, அடுத்த சொல்லாக ‘மைஸ்’ விழுந்துவிட்டால், ‘பயனர்கள் பெருகிக்கொண்டே வருகிறார்கள்’ என்று மகிழ்ச்சிச் செய்தி ஆகிவிடும். ‘எவ்ரி டைம்’ என்று மூலத்தில் இருந்தால் ‘தோதா வேஸ் கி’ அல்லது ‘செம்ப்ரி கி’ என்று தொடங்குவது பாதுகாப்பு. இரண்டாவது இரு நாட்டிலும் இயல்பு.

மூன்று, ‘ஃப்ரம் டைம் டு டைம்’. பேச்சில் ‘ஜி வேஸ் எங் குவாந்து’, அதாவது எப்போதாவது. பராமரிப்புக் கையேட்டில் ‘எண்ணெயை அவ்வப்போது பாருங்கள்’ என்பதற்கு அது தளர்ந்து நிற்கும். நினைத்தபோது பார்த்தால் போதும் என்று தோன்றும். சீரான இடைவெளி என்ற அழுத்தம் வேண்டுமென்றால் ‘ஜி தெம்ப்புஸ் எங் தெம்ப்புஸ்’. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று மூலத்தில் இருந்தால் அந்த எண்ணையே எழுதுவது இன்னும் நல்லது.

‘ஒன் அட் எ டைம்’ என்பதை ‘ஒரே நேரத்தில்’ என்று கொண்டுபோகாதீர்கள். ‘அவ் மேஸ்மு தெம்ப்பு’ என்றால் எல்லாம் ஒருசேர என்று பொருள் தலைகீழாகும். வேண்டியது ‘உங் ஜி காதா வேஸ்’, பெண்பால் பொருளென்றால் ‘ஊமா ஜி காதா வேஸ்’. பெருக்கல் குறியையும் வேஸிஸ் என்றே படிப்பார்கள். ஆனால் பெருக்கல் வாய்பாட்டுக்குத் தனிச்சொல் உண்டு: தபுவாதா.

அறிகுறி: ரயில் சரியான நேரத்துக்கு வந்தது, வாசகரோ ‘மயிரிழையில் பிழைத்தது’ என்று படிக்கிறார்

‘ஆன் டைம்’, ‘இன் டைம்’ இரண்டையும் ‘ஆ தெம்ப்பு’ என்று எழுதியதன் விளைவு. ஆ தெம்ப்பு என்றால் கைநழுவிப் போவதற்குள் என்று பொருள்: தீயணைப்பு வண்டி ஆ தெம்ப்பு வந்தது. அட்டவணைப்படி வந்தது என்றால் பிரேசிலில் ‘நு ஒராரியு’, போர்ச்சுகலில் ‘ஆ ஓராஷ்’. பொருள் ஒப்படைப்பு, கட்டணம், திட்ட அறிக்கை என்றால் இரு நாட்டிலும் ‘தெந்த்ரு து ப்ராஸு’, கெடுவுக்குள்.

‘நா ஓரா’ என்ற தொடரிடம் கவனமாக இருங்கள். ‘சரியான நேரத்தில்’ என்ற பொருளும் அதற்கு உண்டு, ஆனால் பிரேசிலில் ‘உடனுக்குடன், அங்கேயே’ என்ற பொருள் வலிமையானது. சாவி வெட்டும் கடையில் ‘ஷாவிஸ் நா ஓரா’ என்றால் காத்திருந்தால் கையோடு செய்து தருவோம் என்பது. (நம் ‘சாவி’ அந்த ஷாவியிலிருந்து வந்ததுதான்.) ‘உங்கள் பொருள் சரியான நேரத்துக்கு வரும்’ என்ற வாக்குறுதியை நா ஓரா என்று எழுதினால் வாடிக்கையாளர் அன்றைக்கே எதிர்பார்ப்பார். புகார் வரும்.

‘எங் சீமா தா ஓரா’ என்பதில் கடைசி நொடியில் வந்து நின்றதற்கான கண்டிப்பு ஒட்டியிருக்கும். ‘ஜஸ்ட் இன் டைம்’ என்று பாராட்டும் வரிக்கு அது பொருந்தாது, ‘பெங் ஆ தெம்ப்பு’ என்று எழுதுங்கள். ‘எங் தெம்ப்பு’ என்று ஒன்று உண்டு. பிரேசில் கூட்டக் குறிப்புகளிலும் கடிதங்களிலும், எழுதி முடித்தபின் விட்டுப்போனதைச் சேர்க்கும்போது அந்த வரியின் தொடக்கத்தில் ‘எங் தெம்ப்பு:’ என்று போடுவார்கள். அதை ‘நேரத்துக்குள்’ என்று இன்னொரு மொழிக்குக் கொண்டுபோனால் வரியே புரியாது.

அறிகுறி: இரண்டு நாளில் நடக்கப்போவது இரண்டு நாளுக்கு முன் நடந்ததாகிறது

காதுக்கு ஒன்றாகவும் கண்ணுக்கு வேறாகவும் இருக்கும் இரண்டு சொற்கள் இதற்குக் காரணம். இரண்டும் ‘ஆ’ என்றே ஒலிக்கும். ‘எச்’ எழுத்தோடும் மேலே வலப்பக்கம் சாயும் கோட்டோடும் எழுதினால் கடந்த காலம்: இரண்டு நாளுக்கு முன். வெறும் ஒற்றை எழுத்தாக எழுதினால் வரப்போகும் காலம் அல்லது தூரம்: ‘தக்கீ ஆ தொய்ஸ் ஜீயாஸ்’, இன்னும் இரண்டு நாளில். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் சப்டைட்டில்களில் இந்தப் பழுது அதிகம்.

சோதனை எளிது. அந்த இடத்தில் ‘ஃபாஸ்’ என்ற சொல்லை வைத்துப் படியுங்கள். வாக்கியம் நின்றால் எச் எழுத்து வேண்டும். நிற்காவிட்டால் ஒற்றை எழுத்து.

ஃபாஸ் போட்டால் அடுத்த பழுது காத்திருக்கிறது. ‘இரண்டு ஆண்டாகிறது’ என்று காலத்தைச் சொல்லும்போது அது எப்போதும் ஒருமை. ஆண்டுகள் பன்மை என்று நினைத்து ‘ஃபாஸெங் தொய்ஸ் ஆனுஸ்’ என்று எழுதுவதைத் தாய்மொழிக்காரர்களே செய்கிறார்கள், செம்மையான எழுத்தில் அது பிழை. இறந்தகாலக் கதையின் நடுவில் வந்தால் ‘ஃபஸீயா’ ஆகும். அதுவும் ஒருமைதான். இன்னொன்று, எச் எழுத்துள்ள ஆவுக்குப் பிறகு, முன்பு என்று பொருள்படும் ‘அத்ராஸ்’ தேவையில்லை. இரண்டும் சேர்ந்தால் ‘முன்பு முன்பு’ என்பதுபோல்.

நெடுநாளைக்குப் பிறகு பார்ப்பவரிடம் ஆங்கிலத்தில் சொல்லும் ‘லாங் டைம் நோ சீ’ என்பதற்கு ‘ஆ குவான்த்து தெம்ப்பு!’ போதும். பிரேசில் பேச்சில் தொடக்கத்து ஆவும் போய்விடும். ‘பார்க்கவில்லை’ என்பதைச் சேர்க்க வேண்டாம்.

அறிகுறி: ‘கிளம்ப வேண்டிய நேரம்’ என்பது ‘கிளம்பிவிட்டோம்’ ஆகிறது

‘இட்ஸ் டைம் வீ லெஃப்ட்’ என்பதில் இறந்தகால வடிவம் இருந்தாலும் இறந்தகாலப் பொருள் கிடையாது. இயந்திர மொழிபெயர்ப்பும் புதியவர்களும் வடிவத்தைப் பின்பற்றி ஏமாறுகிறார்கள். போர்த்துகீசியத்துக்கு இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது: வினையெச்சம்போல் நிற்கும் வினைவடிவத்தோடு யார் என்பதைக் காட்டும் விகுதி சேரும். போவது ‘ஈர்’. நாம் போவது ‘ஈர்முஸ்’, அவர்கள் போவது ‘ஈரெங்’. ‘இஸ்தா நா ஓரா ஜி ஈர்முஸ்’ என்றால் முடிந்தது.

எழுவாய் ‘அவன்’ என்றால் இன்னொரு நுணுக்கம். ‘ஜி’ என்பதும் அவன் என்ற ‘ஏலி’ என்பதும் சேர்ந்து ‘தேலி’ ஆகும், ‘அவனுடைய’ என்று பொருள். ஆனால் இங்கே அவன் அடுத்த வினைக்கு எழுவாய் என்பதால், கவனமாக எழுதுகிறவர்கள் இரண்டையும் பிரித்தே எழுதுவார்கள். பேச்சில் யாரும் பிரிப்பதில்லை. பிரேசிலில் நெருக்கடி முற்றிய கட்டத்தை ‘ஜாகுவார் தண்ணீர் குடிக்கும் நேரம்’ என்பார்கள்: ‘ஓரா தா ஓன்ஸா பெபேர் ஆக்வா’. இலக்கணம் பார்த்தால் அங்கேயும் பிரிக்க வேண்டும். வாய்வழக்காக வந்த தொடர் என்பதால் சேர்த்தே நிலைத்துவிட்டது. சப்டைட்டிலில் அதைப் பிரித்தால் உயிர் போய்விடும்.

‘அபௌட் டைம்!’ என்று கடிந்துகொள்ளும் இடத்தில் ‘ஏறக்குறைய நேரம்’ என்று எழுதியிருந்தால் ‘ஜா இஸ்தாவா நா ஓரா!’ என்று மாற்றுங்கள். ‘ஜா நவுங் எரா செங் தெம்ப்பு!’ என்பதும் உண்டு, போர்ச்சுகலில் இது மிக இயல்பு. ‘பை த டைம்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் நேரத்தையே எடுத்துவிட்டு, ‘குவாந்து’ என்று தொடங்கி அடுத்த பகுதியில் ‘ஜா’ சேருங்கள்: அவன் வந்தபோது ரயில் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

அறிகுறி: ஒவ்வொரு சொல்லும் சரி, தொடர் மட்டும் புரியவில்லை

மரபுத்தொடர்களில் சில அப்படியே கடந்துபோகும். காலம் பறக்கிறது, காலம் பொன் போன்றது என்று நாம் சொல்லும் இடத்து ‘டைம் இஸ் மனி’, காலம் பதில் சொல்லும், எல்லாம் கால விஷயம் ஆகிய நான்குக்கும் போர்த்துகீசியத்தில் நேர்த்தொடர் தெம்ப்புவோடே இருக்கிறது. தயங்காமல் எழுதலாம்.

மற்றவை அப்படியல்ல. ‘டேக் யுவர் டைம்’ என்பதை ‘உன் நேரத்தை எடுத்துக்கொள்’ என்று பெயர்த்தால் விறைப்பாக இருக்கும். ‘நவுங் தேஞ்ஞா ப்ரெஸா’ என்றால் அவசரப்படாதீர்கள், ‘கோங் காவ்மா’ என்றால் நிதானமாக. ‘ஃபார் த டைம் பீயிங்’ என்பது ‘போர் எங்க்குவான்த்து’. ‘இன் நோ டைம்’ என்பதை ‘நேரமே இல்லாமல்’ என்று எழுதினால் பொருள் முறிந்துவிடும், ‘நுங் இன்ஸ்தான்ச்சி’ என்று எழுதுங்கள். சிறையில் கழிக்கும் ‘டூயிங் டைம்’ என்பது ‘கும்ப்ரீர் பேனா’, தண்டனையை நிறைவேற்றுவது. ‘கிவ் ஹிம் எ ஹார்ட் டைம்’ என்று ஒருவரை விடாமல் நச்சரிப்பது பிரேசிலில் ‘பெகார் நு பெ’, காலைப் பிடிப்பது. தமிழில் காலைப் பிடிப்பது கெஞ்சுவது. அங்கே அதற்கு நேர் எதிர், ஆகவே இந்த ஒரு தொடரில் மட்டும் தமிழ் வழியாகப் போகாதீர்கள்.

‘பை டைம்’ என்றால் வாங்குவது என்ற சொல் வேண்டாம். ‘கஞ்ஞார் தெம்ப்பு’, நேரத்தை ஈட்டுவது. ‘சேவ் டைம்’ என்பதற்கு ‘போப்பார் தெம்ப்பு’ என்று எழுதினால் இரண்டும் கலக்காது. நேரத்தைப் போக்குவது ‘மத்தார் உ தெம்ப்பு’. பிரேசிலில் ‘ஃபஸேர் ஓரா’ என்றும் சொல்வார்கள், குறித்த நேரம் வரும்வரை சும்மா இருப்பது. கதையின் ‘ஒன்ஸ் அபான் எ டைம்’ எப்போதும் ‘எரா ஊமா வேஸ்’. மூன்றாம் முயற்சியில் வெற்றி என்பதற்குப் போர்ச்சுகலில் ‘ஆ தெர்சேய்ரா எ த வேஷ்’.

விளையாட்டுச் செய்தியில் ‘எக்ஸ்ட்ரா டைம்’ வந்தால் ‘ஓரா எஸ்த்ரா’ என்று எழுதாதீர்கள். அது அலுவலகத்தில் கூடுதல் சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை. ஆட்டம் சமனானால் கூடுதலாக ஆடும் 30 நிமிடம் பிரேசிலில் ‘ப்ரொஹொகஸவுங்’, போர்ச்சுகலில் ‘ப்ரொலொங்கமென்த்து’. நடுவர் கடைசியில் சேர்க்கும் சில நிமிடங்கள் பிரேசிலில் ‘அக்ரெஸிமுஸ்’. முதல் பாதி பிரேசிலில் ‘ப்ரிமேய்ரு தெம்ப்பு’, போர்ச்சுகலில் ‘ப்ரிமேய்ரா பார்த்’. இடைவேளை இரண்டிலும் ‘இன்தெர்வாலு’.

அறிகுறி: மணி சொல்வது ஒட்டவில்லை

மணி என்ன என்பது ‘கி ஓராஸ் சவுங்?’, கேள்வி எப்போதும் பன்மை. பதிலில் ஒரு மணி, நண்பகல், நள்ளிரவு மூன்றுக்கும் ‘எ’ என்ற ஒருமை. மற்ற எல்லாவற்றுக்கும் ‘சவுங்’. ‘எத்தனை மணிக்கு’ என்றால் முன்னால் ஒரு ‘ஆ’ சேர வேண்டும். பிரேசில் பேச்சில் அது விழுந்துவிடும், எழுத்தில் வையுங்கள்.

12.30 என்பது ‘மேயு-ஜீயா இ மேயா’. அரை என்ற சொல் இரண்டு தடவை வருகிறது: முதலில் நாளின் பாதி, ஆண்பால். அடுத்தது மணியின் பாதி, பெண்பால். கடைசியை மேயு என்று முடித்தால் பிழை. எண்ணால் எழுதும்போது 14க்குப் பிறகு சிறிய எச், உடனே 30, இடைவெளி இல்லை. எச்சுக்குப் பின் பன்மைக்கான எஸ் சேர்க்கக்கூடாது, புள்ளியும் வேண்டாம். 1.45 என்பதைப் பிரேசிலில் ‘இரண்டுக்குப் பதினைந்து’ என்ற கணக்கில் சொல்வார்கள். போர்ச்சுகலில் கால் மணியை வைத்துச் சொல்வது வழக்கம். குழந்தைகளுக்கான பாடச் செயலி என்றால் இந்தப் பகுதியை இரண்டு நாட்டுக்கும் தனித்தனியே எழுதத்தான் வேண்டும்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருந்தும் ‘இது எங்கள் போர்த்துகீசியம் இல்லை’ என்கிறார்கள்

ஒரே கோப்பை இரு நாட்டுக்கும் அனுப்பியிருப்பீர்கள். ‘டைம்’ சம்பந்தப்பட்ட சொற்களில் பிரிவு ஆழமானது. முழுநேர வேலை பிரேசிலில் ‘தெம்ப்பு இன்தெக்ராவ்’, போர்ச்சுகலில் ‘ஆ தெம்ப்பு இன்தெய்ரு’. பகுதிநேரம் பிரேசிலில் ‘மேயு பெரீயுது’, போர்ச்சுகலில் ‘ஆ தெம்ப்பு பர்சியால்’. சமையல் நேரத்துக்குப் பிரேசிலில் கொஸிமென்த்து, போர்ச்சுகலில் கொஸெதூரா. ‘அந்த நேரத்தில்’ என்பதற்குப் போர்ச்சுகல்காரர் இயல்பாக எடுக்கும் அல்தூரா, பிரேசில் வாசகருக்கு முதலில் உயரத்தை நினைவூட்டும். அங்கோலா, மொசாம்பிக் நாடுகளின் எழுத்து வழக்கு பெரும்பாலும் போர்ச்சுகலை ஒட்டியது, ஆகவே அந்தக் கோப்பிலிருந்து தொடங்குங்கள்.

கோடைக்கால நேரமாற்றம் பிரேசிலில் ‘ஒராரியு ஜி வெரவுங்’, போர்ச்சுகலில் ‘ஓரா த வெரவுங்’. பிரேசில் 2019இல் அந்த நேரமாற்றத்தைக் கைவிட்டது, போர்ச்சுகல் இன்னும் வைத்திருக்கிறது. அதனால் ‘கடிகாரம் தானாக ஒரு மணி முன்னே போகும்’ என்ற வரி பிரேசில் கோப்பில் இருந்தால் மொழிபெயர்ப்பைத் திருத்துவதோடு நிறுத்தாமல், அந்த வரி அங்கே காட்டப்பட வேண்டுமா என்று செயலியை எழுதியவர்களிடம் கேளுங்கள்.